பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பனைக்கு மருத்துவ விடுப்பு

மதராஸிலிருந்து கிளம்பும்போது எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழின் செய்தியாளர்களுக்கு நான்கு நாள் காலைநேரப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயணச்சீட்டு அதற்குத்தான். மற்றது, அலுவலக நண்பர் நடராஜனுக்குச் சிவப்புப் பனையின் விதை வாங்கி வருவது. நாள்காட்டிப் படம் ஒன்றில் அவர் அந்த மரத்தைப் பார்த்திருந்தார். தண்டும் மட்டையின் அடியும் குங்குமச் சிமிழைக் கவிழ்த்ததுபோல் சிவந்திருக்கும். "பால்கனியில் வைக்கப்போகிறேன்" என்றார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவர் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது.

எனக்கு அறை பார்த்திருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே குடியிருப்புகளுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடையின் மாடி. சனிக்கிழமை மதியம் போய் இறங்கினேன். பெட்டியை வைத்துவிட்டுக் கீழே வந்ததும் கடைக்காரப் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா அண்ணே?" காலை உணவுக்கு அங்கே அதுதான் சொல், மதியமானாலும் அப்படித்தான் கேட்பார்கள். நம் ஊரில் டிபன் என்று சொல்லி இந்த அழகான வினைச்சொல்லைத் தொலைத்துவிட்டோம்.

அவர் பெயர் பார்வதி. தெருவே அவரைப் பார்வதி அக்கா என்றுதான் அழைத்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. என்னை வாசலோரம் இரண்டாம் மேசையில் உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியில் விசிறிப் பனை நின்றது. மூங்கில்போல் மெல்லிய தண்டுகள், விரித்த கைபோன்ற இலைகள். மலேசியாவில் பனை என்றால் நுங்கு தரும் நம் பனை இல்லை. தொட்டியில் வளரும் அலங்கார வகைகள் எல்லாமே பனைதான். வங்கி, மருத்துவமனை, முடிதிருத்தும் கடை என்று எங்கு போனாலும் ஒன்று நிற்கிறது. இந்தப் பனையின் அடியிலைகள் மட்டும் மஞ்சளாக இருந்தன. அன்றைய சாப்பாட்டில் சுறாப் புட்டும் பாகற்காய்ப் பொரியலும் இருந்ததால், அதற்குமேல் நான் கவனிக்கவில்லை.

திங்கள் மாலை நான்கு மணிக்குக் கடை காலியாக இருக்கும் என்று தே தாரிக் குடிக்க இறங்கினேன். இரண்டு குவளைக்கு நடுவே ஒரு கெஜம் இழுத்து ஆற்றும் தேநீர். தொட்டிக்கு அந்தப் பக்கம் பார்வதி அக்கா, இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் ஒரு பெரியவர். அவர் ஒரு சாத்தே குச்சியை, அதாவது கறித்துண்டு கோத்துச் சுடும் மூங்கில் குச்சியை, மண்ணில் ஒரு சாண் ஆழம் இறக்கி, வெளியே எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"புளிச்ச மணம். வேர் அழுகுது. ஆரோ தண்ணி ஊத்தியிருக்கினம்."

"ஆத்தா மேல சத்தியமா இல்ல அங்கிள். தொடாதன்னு நீங்க சொன்னீங்க, கடையில ஒருத்தரும் தொடல லா!"

"அப்ப மரம் தானாப் போய்க் குடிச்சதோ?"

வாடிக்கையாளர் ஒருவர், டாக்ஸி ஓட்டும் ரவி, வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அங்கிள், இதுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க."

பெரியவர் சிரிக்கவில்லை. அவர் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது கிள்ளானில். முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வுக்குப் பின் பனைகளை விதையிலிருந்து வளர்த்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பிவைக்கிறார். திங்களும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு இந்தத் தெருவில் சுற்று. அளந்து தண்ணீர் விடுவதும், ஈரத்துணியால் இலை துடைப்பதும், பூச்சி பார்ப்பதும் அவர்தான். வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த மூலையில் ஏற்கெனவே மூன்று பனைகள் செத்திருந்தன. இது நான்காவது. தொட்டியில் வெள்ளைச் சாயத்தில் 47 என்று எழுதியிருந்தது.

பார்வதி அக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழம கடைக்குப் பத்தாவது வருஷ பூசை. தெருவே வரும். மஞ்ச மரத்த வாசல்ல வச்சுக்கிட்டு நிக்க முடியாது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல பிளாஸ்டிக் பனை ஒண்ணு வாங்கிட்டேன்." குளிர்பெட்டியின் தலையில் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு பச்சை உருவம் படுத்திருந்தது. நான் அதைக் குடை என்று நினைத்திருந்தேன்.

"மரத்தை உள்ளே தள்ளி வைத்தால் என்ன?" என்று கேட்டேன். உள்ளே அடுப்புச் சூடு. தவிர, அந்த மூலையில் மின்சார மீட்டர் பெட்டி இருந்தது. அதை மறைக்க அங்கே ஏதாவது நின்றே ஆகவேண்டும்.

"பிளாஸ்டிக்குக்கு எம்.சி. வேணாம் லா" என்றார் ரவி. மருத்துவ விடுப்பை அங்கே எல்லாரும் எம்.சி. என்கிறார்கள், வாக்கியத்துக்கு வாலாக ஒரு லா சேர்க்கிறார்கள்.

செல்வரத்தினம் குச்சியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, இந்தக் கடையைப் பாத்துத்தான் மற்றக் கடைக்காரர் எல்லாம் மரம் கேட்டவை. இங்க பிளாஸ்டிக் வந்தா, அடுத்த மாசம் தெரு முழுக்கப் பிளாஸ்டிக். ஆறு வருசம் விதையிலயிருந்து வளர்த்தது. மூண்டு கிழமைக்குள்ள சாகுது. ஏனெண்டு தெரிஞ்சாலாவது பரவாயில்லை." வாரத்தை அவர் கிழமை என்பார்.

பயிற்சி வகுப்பு ஒழுங்காக நடந்தது. செவ்வாய்க்கிழமை 'கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்' என்று இரண்டு மணி நேரம் பேசினேன். திரும்பும்போது பஸ் மினியில் ஏறினேன். இளஞ்சிவப்பு நிறச் சிற்றுந்து அது. ஓட்டுநருக்கு நிறுத்தம் என்பது ஒரு யோசனை மட்டுமே. இறங்க நினைத்த இடத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தாண்டி, ஒரு வங்கி வாசலில் உதிர்ந்தேன். உள்ளே குளிர்சாதனத்தில் ஒரு விசிறிப் பனை, எண் 29, கரும்பச்சையில் மின்னியது. காவலாளியிடம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். "ரயில் அங்கிள்தான். நாங்க தொட்டா அவரு பேங்க்கையே மூடிருவாரு."

புதன்கிழமை வார இதழ் அச்சுக்குப் போகும் நாள், வகுப்பு இல்லை. செல்வரத்தினம் தன் சிறிய வேனில் என்னைக் கிள்ளானுக்கு அழைத்துப்போனார். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர். வலைப்பந்தலின் கீழே கன்றும் மரமுமாக நூற்றுக்குக் குறையாத பனைகள், கடைகளுக்குப் போய்வருபவற்றுக்கு மட்டும் எண். தூணில் ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் மூன்று கட்டங்கள்: டூட்டி, லீவு, எம்.சி.

"ஆள் எண்டாலும் மரம் எண்டாலும் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது" என்றார். கட்டடத்துக்குள் நிற்கும் பனைக்கு மூன்று வாரம் டூட்டி, பிறகு ஆறு வாரம் லீவு. திரும்பி வந்ததும் நேரே வெயிலில் வைத்தால் இலை ஒரே நாளில் பொசுங்கிவிடும். முதல் இரண்டு வாரம் ஆழ்ந்த நிழல், பிறகு வலைப்பந்தல், பிறகுதான் காலை வெயில். இலைநுனி காய்ந்தால் கத்தரிக்கலாம். ஆனால் பச்சை வரை வெட்டக்கூடாது, ஒரு நூலளவு பழுப்பை விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடத்திலிருந்து மறுபடியும் காயும். மஞ்சளான இலையையும் அவசரப்பட்டு அறுக்கக்கூடாது, அதிலிருக்கும் சத்தை மரம் புது இலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும்.

"தண்ணி?"

"மேல் மண் ரெண்டு விரல்கடை காய்ஞ்ச பிறகுதான். காய்ஞ்சு செத்த பனையை நான் அதிகம் கண்டதில்லை. அன்பால செத்ததைத்தான் கண்டிருக்கிறன்."

தோட்டத்தின் கடைசியில் ஒரு வடிகால். அதன் சேற்றில் பாதி அமிழ்ந்து மூன்று இரும்புப் பீப்பாய்கள். அவற்றிலிருந்து புதராக எழுந்து நின்றது நடராஜனின் நாள்காட்டிப் படம். மலாய்க்காரர்கள் பினாங் மேரா என்பார்கள், சிவப்புப் பாக்கு. படத்தில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தது. மழைத்துளி நின்ற தண்டுகளைப் பார்த்தபோது இயற்கைக்கு இத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தோன்றியது.

விதை கேட்டேன். "மதராசில எந்த இடம்?" என்று கேட்டார். பால்கனி, மாடி, தண்ணீர் லாரி என்றேன். தலையாட்டினார். "வேண்டாம் தம்பி, பாவம். இது சதுப்பு நிலத்து ஆள். கால் எப்பவும் தண்ணிக்குள்ள, தலை வெயிலுக்குள்ள நிக்கவேணும். ஒரு நாள் காய்ஞ்சால் கோவிச்சுக்கொண்டு போயிடும். அதாலதான் இதுகளுக்கு நம்பர் போடயில்லை, டூட்டிக்கும் அனுப்பயில்லை. ஆர் இதுக்கு நாள் முழுக்கத் தண்ணி ஊத்துறது?"

வியாழன் மதியம் வேலையோடு வேலையாக ஒரு துப்பறியும் திட்டம் போட்டேன். வழக்கமான இரண்டாம் மேசையில் பதினொன்றரைக்கே உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்தேன். பரிமாறும் பெண்கள் இருவர். அவர்கள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தொடவில்லை. பார்வதி அக்கா கல்லாவை விட்டு எழவில்லை. பன்னிரண்டே கால் மணிக்கு நான் எழுதிய வரி: 'இதுவரை தொட்டியை யாரும் நெருங்கவில்லை.'

எனக்கு இலை போட்டார்கள். குவளையிலிருந்து தண்ணீர் தெளித்தேன். உள்ளங்கையால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் துடைத்தேன். இலையின் ஒரு ஓரத்தைத் தூக்கினேன், தண்ணீரைச் சரித்தேன். தொட்டிக்குள் 'சொளக்' என்றது.

சத்தம் கேட்டபிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு மதியமும் இதே மேசை, இதே கை. எதிரில் உட்கார்ந்த ரவி பேச்சை நிறுத்தாமல் இலையைத் துடைத்து, தொட்டிக்குள் சரித்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் அப்படியே. யாரும் பனையைப் பார்க்கவே இல்லை. இலை கழுவிய தண்ணீர் போக ஒரு இடம் வேண்டும். தரையில் ஊற்றினால் அடுத்தவர் வழுக்குவார், தொட்டியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாப்பிட்டதும் எழுந்து கல்லாவருகே நின்று, இரண்டு மணி வரை எண்ணினேன். அந்த மேசைக்கு ஆறு பந்தி, இருபத்து நான்கு பேர். தொட்டிக்குள் சரித்தவர்கள் பத்தொன்பது. எட்டாத மூலையில் உட்கார்ந்த ஐந்து பேர் தரையில் விட்டார்கள். ஒருவர் மிச்சமிருந்த மோரையும் ஊற்றிவிட்டு, கைகழுவப் போனார்.

எழுதிய வரியை அடித்தேன்.

நான்கு மணிக்குச் செல்வரத்தினம் வந்ததும் முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், பிறகு மற்ற பதினெட்டுப் பேருடையதை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் வெளியில சாப்பிடுறதில்லை தம்பி. வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். ஆளில்லாத நேரம் பாத்து நாலு மணிக்கு வாறன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

பார்வதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அலாமாக்! நானும்தான் அங்கிள்! மூணு மணிக்கு நான் சாப்பிடுற மேசையும் இதுதானே! ஆத்தா மேல வேற சத்தியம் பண்ணிட்டேன்!"

47 அன்றே வேனில் ஏறியது. மூலை காலியானது. பூசைக்கு மூன்று நாள். இன்னொரு விசிறிப் பனையை வைக்கச் செல்வரத்தினம் தயாராக இருந்தார், ஒரே நிபந்தனை: யாரும் தண்ணீர் சரிக்கக்கூடாது. வெள்ளி காலை புது மரம் வந்தது. தொட்டியின்மேல் வைக்க நானே பெரிய எழுத்தில் அட்டை எழுதினேன்: 'தயவுசெய்து தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.' தலைப்பு எழுதிப் பழகிய கை, பத்தடி தூரத்திலிருந்தும் தெரிந்தது.

மதியம் ரவி வந்து, அட்டையைச் சத்தமாகப் படித்து, "கையெழுத்து சூப்பர் பாஸ், நீங்களா?" என்று என்னைப் பாராட்டிவிட்டு, இலையைத் துடைத்துத் தொட்டியில் சரித்தார்.

"ரவி!" என்றேன்.

"ஐயோ! சாரி பாஸ்! என்னா செய்றது, கை தானா போவுது லா." அவர் வருந்தியது உண்மை. அடுத்த பந்தியில் அட்டையே நனைந்து எழுத்து கரைந்தது.

மாலை மண்ணைப் பார்க்க வந்த செல்வரத்தினத்திடம் சமாதானம் சொல்லப் போன பார்வதி அக்கா, கடைசியில் கையை விரித்தார். "அங்கிள், எங்க சனத்த மாத்த முடியாது. இலை போட்டா கழுவத்தான் செய்வாங்க. முடிஞ்சா, தண்ணி குடிக்கிற மரமா ஒண்ணு கொண்டாங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழம பிளாஸ்டிக்தான்."

செல்வரத்தினம் வாசலுக்குப் போய் நின்று கிழக்கே பார்த்தார். கூரை எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்தார். "காலையில இந்த மூலைக்கு எத்தனை மணி வரைக்கும் வெயில்?"

"பத்தரை, பதினொண்ணு வரைக்கும் கண்ணு கூசும்" என்றார் அக்கா.

"கூரை இருக்கெண்டு போட்டு, இந்த மூலையை நான் 'உள்ளே' எண்டே கணக்கு வைச்சிருந்தன். இத்தனை நாளும் திரும்பிப் பாக்கவேயில்லை." அவர் என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது. "தம்பி, நாள் முழுக்கத் தண்ணி ஊத்த ஆள் வேணும் எண்டனே. இங்க இருபத்து நாலு பேர் இருக்கினம்."

சனிக்கிழமை அக்காவே தன் காய்கறி லோரியை, நம் ஊர் லாரியைத்தான், ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். பக்கத்தில் நானும் செல்வரத்தினமும். வடிகாலில் மூன்று பீப்பாய்களையும் அசைத்துப் பார்த்தோம். இரண்டின் வேர்கள் அடித்துளை வழியே சேற்றில் இறங்கியிருந்தன. அறுத்தால் மரம் பிழைக்காது. மூன்றாவது மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. கடப்பாரை போட்டு நெம்பியதும் 'ப்ளக்' என்று கையோடு வந்தது. மட்டைகளைச் சேர்த்துக் கட்டி ஈரச் சாக்கால் சுற்றினோம். ஓடும் லோரியின் காற்று அந்த இலைகளைத் தீயைப்போல் கருக்கிவிடும் என்றார் செல்வரத்தினம்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதி வழியில் டயர் வெடித்தது. அக்கா இறங்கி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துச் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. மதராஸில் மழை வந்தால் முதலில் செய்தியாக வரும், பிறகு சந்தேகமாக வரும், சில வேளை வராமலே போகும். அங்கே அது அறிவிப்பின்றிக் கதவைத் திறந்துகொண்டு வருகிறது. நான் தலைக்குமேல் கைக்குட்டையைப் பிடித்தேன். அறுபத்தைந்து வயதுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? லோரியின்மேல் ஏறி, சாக்கை அவிழ்த்து, மரத்தை மழையில் விரித்துவிட்டார். "குடிக்கட்டும்!"

ஒரு மலாய் இளைஞர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, கேட்காமலே ஜாக்கி பிடித்தார். வேலை முடிந்ததும் சிவப்பு மரத்தையும், அதனருகே நனைந்துகொண்டு சிரிக்கும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்து, மலாயில் அக்காவிடம் கேட்டார்: "கல்யாணமா அக்கா? மாப்பிள்ளை இவரா?" அக்கா சிரித்த சிரிப்பில் மாற்றுச் சக்கரமே கழன்றிருக்கும்.

ஞாயிறு காலை பூசை. மூலையில் அகன்ற இரும்புத்தட்டில் தண்ணீர், அதில் பீப்பாய், அதிலிருந்து சிவப்புப் பனை. மீட்டர் பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. காலை வெயில் தண்டுகளில் விழுந்தபோது தெருவில் போன சைக்கிள்கள் வேகத்தைக் குறைத்தன. அர்ச்சகர் தீபாராதனைத் தட்டைச் சாமிக்குக் காட்டிவிட்டு, ஒரு கணம் யோசித்து, மரத்துக்கும் காட்டினார். பீப்பாயில் புது வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்: 53. அதற்குக் கிடைத்த முதல் டூட்டி.

மதியப் பந்திக்குச் செல்வரத்தினத்தை அக்கா விடவில்லை. "பத்து வருஷத்துல ஒரு வாய் எங்க கடையில சாப்பிட்டது இல்ல நீங்க. இன்னைக்கு ஓடுனீங்க, பிளாஸ்டிக்க எடுத்துருவேன்." அவர் இரண்டாம் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். இலை வந்தது. தண்ணீர் தெளித்தார், அலுவலகக் கோப்பைத் துடைப்பதுபோல் நிதானமாகத் துடைத்தார். பிறகு இலையைத் தூக்கி, சுற்றுமுற்றும் பார்த்து, பீப்பாய்க்குள் சரித்தார். ரவி எழுந்து நின்று கைதட்டினார். மேசை முழுக்க ஒவ்வொருவராகத் தங்கள் இலையைத் தூக்கினார்கள்.

"மோர் மட்டும் வேண்டாம்" என்றார் செல்வரத்தினம், ரசத்துக்குக் கை நீட்டியபடி.

மறுநாள் நான் கிளம்பும்போது அக்கா குளிர்பெட்டியின் தலையிலிருந்து கண்ணாடித்தாள் சுற்றிய உருவத்தை இறக்கினார். "அண்ணே, உங்க கூட்டாளிக்குக் குடுங்க. அங்க தண்ணி இல்லன்னு அங்கிள் சொன்னாரு. இது ஒண்ணும் கேக்காது." மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். செடி கொண்டுவரக்கூடாது தெரியுமா என்று கேட்டார், சுரண்டிய நகத்தைப் பார்த்தார், போகச் சொன்னார். நடராஜன் முதலில் முகம் வாடினாலும், பிறகு பால்கனியில் அதற்கு நல்ல இடம் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துச் செல்வரத்தினத்திடமிருந்து அலுவலக அறிக்கைபோல் ஒரு கடிதம் வந்தது. 47-க்கு எம்.சி. முடிந்தது, வங்கியில் டூட்டி. 53 இரண்டு புது மட்டை விட்டிருக்கிறது, லீவு கேட்கவில்லை. தெருவில் மேலும் இரண்டு சாப்பாட்டுக்கடைகள் சிவப்புப் பனை கேட்டிருக்கின்றன, இரண்டுக்கும் வாசலில் மேசை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியில்தான் சாப்பிடுகிறார்.

கடிதத்தைக் காட்ட நடராஜன் வீட்டுக்குப் போனேன். மதிய நேரம். பால்கனியோரம் இலை போட்டார்கள். படித்துக்கொண்டே தண்ணீர் தெளித்தேன், துடைத்தேன்.

"யோவ், அது பிளாஸ்டிக்!" என்றார் நடராஜன்.

சொளக் என்ற சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது.